ட்ரெட் ரப்பர மைக்ரோவேவ்ல சூடு பண்ணி மோல்டுல ஏத்துறது: ஹாட் ரீட்ரேட் போடுறவங்களுக்கு

தேஞ்ச டயர் மேல புது ட்ரெட் (ரோட்டுல படுற ரப்பர்) போட்டு வேகவைக்கறதுதான் ரீட்ரேட். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மொட்டை டயர அப்படியே தூக்கி மைக்ரோவேவ் பெட்டிக்குள்ள வச்சு பட்டன அமுக்குனா புது டயரா வெளிய வந்துரும்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருந்தா, அந்தாளு வாழ்க்கைல ஒரு டயரையும் பஃப் பண்ணியிருக்க (பழைய ட்ரெட்ட சீவி எடுத்திருக்க) மாட்டாரு. ரேடியல்னா பெல்ட்டு முழுக்க ஸ்டீல் கம்பி, நைலான் டயர்னாலும் பீடுல (ரிம்முல உக்கார்ற ஓரத்துல) கம்பி வளையம் இருக்கு. மைக்ரோவேவ் கம்பில பட்டா கண்ணாடில பட்ட வெளிச்சம் மாதிரி திரும்பிரும், கம்பி முனை எங்கயாவது வெளிய துருத்திட்டு இருந்தா அங்க பொறி பறக்கும், பக்கத்துல ரப்பர் இருக்கு, அப்புறம் என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. அதனால டயர் உள்ள போகாது. உள்ள போறது பச்சை (இன்னும் வேகாத) ட்ரெட் ரப்பர் பட்டை மட்டும்தான், அதுவும் கேசிங் (ட்ரெட்ட சீவுன பழைய டயர் உடம்பு) மேல சுத்துறதுக்கு முன்னாடி. அந்த பட்டைய உள்வரைக்கும் சூடாக்கி, சூட்டோட சுத்தி, சூட்டோட மோல்டுல ஏத்துறோம், விஷயம் அவ்வளவுதான்.

இது ஹாட் போடுற பட்டறைக்குதான் பிரயோஜனம். குவாரி டிப்பர், ட்ராக்டர், இன்னும் 10.00-20 நைலான் ஓட்டுற வண்டிங்க, இதுக்கெல்லாம் மோல்டுல வேகவச்சு எடுக்குறவங்க படிங்க. கோல்டு போடுறவங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் கிடையாது, ஏன்னா அங்க ட்ரெட்டு ஏற்கனவே வெந்து வந்தது, பச்சையா இருக்கறது நடுவுல ஒரு மில்லிமீட்டர் ஒன்றரை மில்லிமீட்டர் குஷன் கம் (ஒட்டுற ரப்பர்) மட்டும்தான், சேம்பர்ல நூறுலருந்து நூத்திப்பதினஞ்சு டிகிரில ஒரே நேரத்துல பத்து இருவது டயர் மணிக்கணக்குல தொங்கிட்டு இருக்கும், அதுல ஒரு பட்டைய முன்னாடியே சூடு பண்ணி என்ன மிச்சம் ஆகப்போகுது.

ஏன் இந்த வேலைன்னு ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். அடை தடிமனா ஊத்தி தீய ஏத்தி வச்சா அடி கருகிரும், நடுவுல மாவு மாவாவே இருக்கும்ல, ரப்பரும் அதே ஜாதிதான், சூட்ட உள்ள விடவே விடாது. மோல்டு 150 டிகிரில இருக்கு, அந்த சூடு ட்ரெட்ட தாண்டி கேசிங் ஒட்டுற இடம் வரைக்கும் போய் சேரணும், ட்ரெட் நடுப்பகுதி 16 மில்லிமீட்டர்னா அதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஷோல்டர்ல (ட்ரெட் ஓரத்துல) 28 மில்லிமீட்டர் இருந்துச்சுன்னா ரெண்டு மணி நேரத்த தாண்டிரும். தடிமன் ரெட்டிப்பானா நேரம் நாலு மடங்கு, ரப்பர்ல சூடு போற கணக்கு அப்படி. நம்ம ஷோல்டருக்காக காத்துட்டு இருக்க, மேல் தோல் அதுபாட்டுக்கு ஓவரா வெந்துட்டு இருக்கும், நேச்சுரல் ரப்பர் அதிகமா வெந்தா திரும்ப இளக ஆரம்பிச்சு தேய்மானத்துக்கு நிக்காது. மைக்ரோவேவ் இந்த வரிசைல நிக்காம நேரா உள்ள போயிருது. மேல்தோல் காத்து பட்டு கொஞ்சம் ஆறியிருக்கும், உள்ள சூடா இருக்கும், மோல்டு வெளிய இருந்து சூடு கொடுக்கும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஈடு.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. வெறும் நேச்சுரல் ரப்பருக்கு மைக்ரோவேவ் லேசுல ஏறாது, சூடு பிடிக்கறது அதுல கலந்திருக்கற கார்பன் பிளாக். ட்ரெட் காம்பவுண்டுல நூறு பங்கு ரப்பருக்கு அம்பது பங்கு வாக்குல கார்பன் பிளாக் இருக்கும், அதான் நமக்கு அதிர்ஷ்டம். சிலிக்கா தூக்கலா போட்ட காம்பவுண்டு வாங்கி வச்சுட்டு மெஷின் சரியில்லன்னு திட்டாதீங்க, அது சூடு பிடிக்கறது கம்மி. இது ஒண்ணும் புதுசு இல்ல, கார் கதவு ஓரத்துல வர்ற பீடிங் ரப்பர் பல வருஷமா மைக்ரோவேவ் டன்னல் வழியாத்தான் வெந்து வருது, தேஞ்ச ரப்பர மைக்ரோவேவ் அடிச்சு திரும்ப பச்சையாக்குறதுக்கு 1978லயே குட்இயர் அமெரிக்கால பேட்டன்ட் வாங்கிட்டாங்க. நம்ம ரீட்ரேட் பக்கம்தான் யாரும் பெருசா சீண்டல.

சரி எவ்வளவு மிச்சம். 10.00-20 க்கு ஒரு பட்டை சுமாரா 11 கிலோன்னு வைங்க. ரப்பர் காம்பவுண்டு ஒரு கிலோவ ஒரு டிகிரி ஏத்த 1.9 கிலோஜூல், 30லருந்து 85க்கு ஏத்தணும்னா 55 டிகிரி, பெருக்குனா 1150 கிலோஜூல், அதாவது 0.32 யூனிட். மேக்னட்ரான்ல (மைக்ரோவேவ் அலைய உண்டாக்குற குழாய்ல) போற நஷ்டம், சுவருல படுற நஷ்டம் எல்லாம் சேத்தா மீட்டர்ல முக்கால் யூனிட்டுக்குள்ள ஓடும், கரண்டுக்கு பயப்பட ஒண்ணும் இல்ல. மோல்டு நேரம் என்ன குறையும்னா, கணக்குப்படி இருபது சதவீதத்த ஒட்டி வரும், ஆனா கேசிங் ஜில்லுனு இருந்தா அதுவும் பாதி போயிரும். தொண்ணூறு நிமிஷம் போட்டுட்டு இருந்தது எழுபத்திரெண்டு எழுபத்தஞ்சுக்கு வரும். பாதி நேரம் மிச்சம்னு சொல்லி மெஷின் விக்க வர்றவங்கள டீ வாங்கி கொடுத்து அனுப்பி வச்சுருங்க. ஆனா பதினஞ்சு நிமிஷம்னா சும்மா இல்ல, ஒரு மோல்டுல நாளைக்கு ஆறு ஏழு டயர் எடுக்குற இடத்துல ஒரு டயர் கூட வரும், விறகும் அந்த அளவுக்கு மிச்சம்.

மெஷின் விஷயம். வீட்டு மைக்ரோவேவ் ஓவன பிரிச்சு மேக்னட்ரான கழட்டி தகர டப்பால மாட்டி செஞ்சுரலாம்னு ஒரு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, தயவுசெஞ்சு வேணாம். உள்ள இருக்கற கெப்பாசிட்டர் ரெண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல பிடிச்சு வச்சிருக்கும், பிளக்க புடுங்குன பிறகும் ஆள கொல்லும். நமக்கு வேண்டியது பீடிங் லைன்ல ஓடுற மாதிரி டன்னல், 2.45 கிகாஹெர்ட்ஸ், 6 கிலோவாட் போதும், உள்ள டெஃப்லான் பூசுன கிளாஸ் ஃபைபர் பெல்ட்டு ஓடணும், ரெண்டு வாயிலயும் அலை வெளிய வராம தடுக்கற சோக் இருக்கணும், திரும்பி வர்ற அலைய வாங்கிக்கற சர்குலேட்டரும் வாட்டர் லோடும் இருக்கணும். செகண்ட் ஹேண்ட்ல வாங்குனா நல்லதுதான், நாங்களும் அப்படித்தான் வாங்குனோம். ஆனா வாய் அகலத்த அளந்து பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க, பீடிங் ரப்பர் விரல் மொத்தம், நம்ம பட்டை 20 சென்டிமீட்டர் அகலம், சின்ன டன்னல்ல நுழையாது. நுழையட்டும்னு நீங்களா வாய வெட்டி பெருசாக்குனா சோக் கணக்கு கெட்டு அலை முழுக்க வெளிய வரும். இன்னொண்ணு, தண்ணில குளிர்ற மேக்னட்ரான்னா போர் தண்ணிய விடாதீங்க, நம்ம பக்கத்து உப்புத்தண்ணிக்கு மூணு மாசத்துல குழாய்ல சுண்ணாம்பு அடைச்சுக்கும், ஆர்ஓ தண்ணிய சுத்தவிட்டு ஓட்டுங்க.

டன்னல் வந்ததும் முதல் வேலை அப்பளம். சிரிக்காதீங்க. பெல்ட்ட நிறுத்தி அது மேல சின்ன அப்பளமா வரிசைக்கு வரிசை பரப்புங்க, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பால தண்ணி வைங்க, இல்லாட்டி உள்ள வாங்கிக்க ஒண்ணும் இல்லாம அலை எல்லாம் திரும்பிரும். பவர ரொம்ப கம்மியா வச்சு ஓட்டிட்டு திறந்து பாருங்க. எங்க அப்பளம் பொரிஞ்சு கருகி இருக்கோ அங்க சூடு குவியுது, எங்க பச்சையாவே கிடக்கோ அங்க அலை போகல. எங்களுக்கு நடுவுல ஒரு கை அகலத்துக்கு கருகியிருந்துச்சு, ரெண்டு ஓரமும் பச்சை. பெல்ட்டு ஓடுறதால நீளவாக்குல இருக்கற மேடு பள்ளம் எல்லாம் சமமாயிரும், ஆனா அகலவாக்குல இருக்கற வித்தியாசம் அப்படியே பட்டைல விழும், அத சப்ளை பண்ற ஆள கூப்பிட்டு சரி பண்ணாம ரப்பர உள்ள விடாதீங்க. ஏன்னா சூடான இடம் இன்னும் வேகமா சூடு பிடிக்கும், நடு 85 காட்டும்போது ஒரு இடம் மட்டும் 120 தாண்டி உள்ளுக்குள்ளயே வெந்து கட்டியாயிரும், வெளிய தெரியவே தெரியாது.

ரப்பர் வாங்கும்போது சப்ளையர்கிட்ட மூனி ஸ்கார்ச் (பச்சை ரப்பர் வேக ஆரம்பிக்க ஆகற நேரம்) எவ்வளவுன்னு கேளுங்க, 121 டிகிரில எத்தன நிமிஷம்னு ஷீட்ல போட்டிருப்பாங்க. பதினஞ்சு நிமிஷம்னு வைங்க, சூடு பத்து டிகிரி குறைஞ்சா நேரம் ஏறக்குறைய ரெட்டிப்பு, 111ல அரை மணி, 101ல ஒரு மணி, 91ல ரெண்டு மணி. அதனாலதான் 85ன்னு சொல்றேன், சுத்தி ரோலர்ல அழுத்தி மோல்டுல ஏத்த பத்து நிமிஷம் ஆனாலும் பட்டை பயப்படாது. நூறுக்கு ஏத்துனா இன்னும் மிச்சம்தானேன்னு எங்க ஃபோர்மேன் அண்ணன் கேட்டாரு, அண்ணே கணக்குல சரிதான், ஆனா மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒருத்தன் பட்டைய டேபிள்ல போட்டுட்டு போனான்னா என்ன பண்ணுவீங்கன்னேன், அப்புறம் அவரு கேக்கல.

இப்ப வேலை வரிசை. கேசிங் செக்கப், பஃபிங், வெட்டுக்காயம் சீவி சுத்தம் பண்றது, சொல்யூஷன் (ரப்பர் பசை) அடிக்கறது, இதெல்லாம் நீங்க எப்பவும் பண்றதுதான், எதுவும் மாறல. ஒரே ஒரு மாற்றம், சொல்யூஷன் காஞ்ச கேசிங்க ஒரு அடைப்பு ரூம்ல சூடு காத்துல வச்சு 50, 55 டிகிரிக்கு கொண்டு வந்துருங்க, சொல்யூஷன் நல்லா காஞ்சு பெட்ரோல் வாசன போன பிறகுதான், ஈரத்தோட அந்த ரூம்ல விட்டா தீப்பிடிக்கும். பாய்லர் பக்கத்துல சும்மா போற சூட்ட வச்சே இத பண்ணலாம். கேசிங்க சூடு பண்ணாம பட்டைய மட்டும் சூடு பண்றது சுடுசோத்துல ஐஸ் தண்ணி ஊத்துன கதை, ஒட்டுற இடத்துலதான் நமக்கு சூடு வேணும், அங்கயே போய் ஜில்லுனு கேசிங் எல்லாத்தையும் உறிஞ்சிரும்.

பட்டைய எடுத்து மேல ஒட்டியிருக்கற பாலித்தீன உரிங்க, ரெண்டு பக்கமும். கையால தடவிப் பாருங்க, வெறும் கண்ணால பாக்கறது பத்தாது, தடவணும். ஏன் சொல்றேன்னா போன வருஷம் மழைக்காலத்துல ஒரு பையன் பாலித்தீன் நழுவுதுன்னு ஓரத்துல ஒரு ஸ்டேப்ளர் பின்ன அடிச்சு வச்சிருந்தான், உரிக்கும்போது பாலித்தீன் வந்துச்சு பின் வரல. டன்னலுக்குள்ள டப்புனு ஒரு சத்தம், ஜன்னல் வழியா நீலமா ஒரு வெளிச்சம், அப்புறம் கந்தக வாசன. நிறுத்தி வெளிய இழுத்தா உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் கரிக்கட்டை, பெல்ட்டுலயும் ஓட்ட. பின் இத்தினூண்டு. அதுலருந்து எங்ககிட்ட ஸ்டேப்ளர் ஆபீஸ் ரூம விட்டு வெளிய வர்றதில்ல. ஈரமும் ஆகாது, ரப்பர் கட்டுமேல தண்ணி ஒழுகியிருந்தா காய வச்சுட்டு போடுங்க, உள்ள மாட்டுன ஈரம் ஆவியாகி சின்ன சின்ன குமிழா நிக்கும்.

பெல்ட்டு வேகம் எங்களுக்கு நிமிஷத்துக்கு முக்கால் மீட்டர், 3.1 மீட்டர் பட்டை நாலு நிமிஷத்துல வெளிய வந்துரும். உங்க டன்னலுக்கு இது மாறும். முதல் பத்து பட்டைக்கு பவர பாதில வச்சு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பாக்கற சூட்ட துப்பாக்கி மாதிரி இருக்கற இன்ஃப்ராரெட் மீட்டர்ல மட்டும் பாக்காதீங்க, அது தோல் சூட்டதான் காட்டும், நமக்கு தேவை வயித்து சூடு. ஊசி குத்தற பைரோமீட்டர் ஒண்ணு வாங்கி, பட்டை வெளிய வந்த உடனே அகலவாக்குல அஞ்சு இடத்துல நடு ஆழம் வரைக்கும் குத்தி சாக்பீஸ்ல அந்தந்த இடத்துலயே எழுதுங்க. அஞ்சு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு எட்டு டிகிரிக்குள்ள இருந்தா சரி. பதினஞ்சு டிகிரி வித்தியாசம்னா அந்த பட்டைய ஓரமா வச்சுட்டு மறுபடி அப்பளத்துக்கு போங்க. டன்னல் ஓடும்போது உள்ள சாதா தெர்மோகப்பிள் கம்பிய விடவே கூடாது, அதுவும் கம்பிதான்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒரு விஷயம், நாங்க மூணு டயர் கெட்ட பிறகு கத்துக்கிட்டது. எக்ஸ்ட்ரூடர்ல இழுத்து வந்த பச்சை ரப்பருக்கு பழைய ஞாபகம் இருக்கும், சூடு பட்டதும் பழையபடி சுருங்கப் பாக்கும். நாங்க எப்பவும் போல கேசிங் சுத்தளவு அளந்து, சாய்வா வெட்டி, அப்புறம் சூடு பண்ணோம். வெளிய வந்தா ரெண்டு விரக்கடை பத்தல. இழுத்து ஜாயிண்ட் போட்டான் பையன், மோல்டுல இருந்து வந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு, ரோட்டுக்கு போய் ஒரு வாரத்துல ஜாயிண்ட் வாய பொளந்துருச்சு. அதனால நீளமா விட்டு சூடு பண்ணுங்க, வெளிய வந்து ஒரு நிமிஷம் டேபிள்ல தளர்வா படுக்க விடுங்க, சுருங்க வேண்டியது சுருங்கிக்கும், அப்புறம் அளந்து வெட்டுங்க. சுருங்குறதுனால தடிமனும் கொஞ்சம் ஏறும், வெயிட் பாத்து போடுறவங்களுக்கு பிரச்சன இல்ல, தடிமன் பாத்து போடுறவங்க கவனிச்சுக்கங்க.

சூடான பட்டைல ஒட்டும் தன்மை தூக்கலா இருக்கும், கேசிங்ல வச்சா வச்சதுதான், தப்பா வச்சுட்டு புடுங்கி மறுபடி வைக்க முடியாது. ரெண்டு பேரு நிக்கணும், கைக்கு பருத்தி கிளவுஸ், நடுக்கோட்ட சாக்பீஸ்ல முன்னாடியே போட்டு வச்சுக்கங்க. ஸ்டிச்சிங் ரோலர நடுவுல இருந்து ஓரத்துக்கு ஓட்டுங்க, ரப்பர் இளகி இருக்கறதால காத்து சுலபமா வெளிய போயிரும், ஆனா ரோலர் அழுத்தம் எப்பவும் போடுறத விட குறைச்சலா வைங்க, இல்லாட்டி ஷோல்டர் மெலிஞ்சுரும். பட்டை டன்னல விட்டு வந்ததுலருந்து மோல்டு மூடுற வரைக்கும் பத்து நிமிஷம், அதுக்கு மேல இழுக்கக்கூடாது. மோல்டு காலியாகறதுக்கு முன்னாடியே பட்டைய சூடு பண்ணிட்டு காத்திருக்கறது எல்லா பட்டறையிலயும் முதல் வாரம் நடக்கும், மோல்ட திறக்கும்போதுதான் டன்னல ஆன் பண்ணணும்னு போர்டுல எழுதி மாட்டுங்க.

நேரத்த எவ்வளவு குறைக்கலாம்னு நான் சொன்ன கணக்க நம்பி குறைக்காதீங்க, உங்க மோல்டு, உங்க காம்பவுண்டு, உங்க ஷோல்டர் தடிமன். ஓடாத கேசிங்கா நாலஞ்சு எடுத்துக்கங்க. முதல்ல பழைய நேரத்துல அஞ்சு நிமிஷம் குறைச்சு ஒண்ணு போட்டு, ஆற விட்டு, ஷோல்டர குறுக்க அறுத்து பாருங்க. அடுத்ததுக்கு பத்து நிமிஷம் குறைச்சு அறுங்க, அப்புறம் பதினஞ்சு. ஒரு கட்டத்துல அறுத்த முகத்துல, ரொம்ப தடிமனான இடத்துல, இட்லி மாதிரி பொடிப்பொடி ஓட்டை தெரியும், பிரஷர் போனதும் வேகாத ரப்பர் உப்புன ஓட்டை அது. அந்த நேரத்துக்கு மேல பத்து நிமிஷமாவது கூட்டி வச்சுக்கங்க, அதான் உங்க புது நேரம். ஷோர் மீட்டர் (ரப்பர் கடினத்த அளக்கறது) இருந்தா அறுத்த முகத்துல மேல, நடு, அடின்னு மூணு இடத்துல வச்சு பாருங்க, மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், அடி மட்டும் நாலஞ்சு பாயிண்ட் குறைச்சலா இருந்தா இன்னும் வேகல. முதல் மாசம் போட்ட டயர் நம்பர் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி, அடிக்கடி பட்டறை பக்கம் வர்ற வண்டில மட்டும் மாட்டுங்க, ஊர் விட்டு ஊர் போற லாரிக்கு கொடுத்துட்டு அப்புறம் ஃபோன் பண்ணி கேக்கறது நல்லா இருக்காது.

ஆளுங்க பத்தி. ரெண்டு வாய்லயும் வாரத்துக்கு ஒரு தடவ லீக்கேஜ் மீட்டர அஞ்சு சென்டிமீட்டர் தூரத்துல பிடிச்சு பாருங்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல காட்டக்கூடாது, வீட்டு ஓவனுக்கே அதான் எல்லை. வாய்க்கு நேரா குனிஞ்சு உள்ள எட்டிப் பாக்கற பழக்கம் எல்லா பையனுக்கும் வரும், அத முதல் நாளே நிறுத்துங்க, கண்ணு லென்ஸுல ரத்த ஓட்டம் கிடையாது, சூடு ஏறுனா ஆத்தி விட ஆளில்ல, புரை விழும். பேஸ்மேக்கர் வச்சவங்க பக்கத்துலயே வரவேணாம். மேல ஒரு எக்ஸாஸ்ட், கைக்கு எட்டுற தூரத்துல தீயணைப்பு சிலிண்டர், அதுவும் கரண்டு தீக்கு ஆகற பவுடர் டைப்பு.

கடைசியா கரண்டு கட்டு. பட்டை பாதி உள்ள பாதி வெளிய இருக்கும்போது கரண்டு போயிரும், பெல்ட்டும் நின்னுரும், மேக்னட்ரானும் நின்னுரும், அதுல பிரச்சன இல்ல. பிரச்சன கரண்டு வந்ததும்தான், பெல்ட்டு ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேக்னட்ரான் ஆன் ஆயிட்டா நின்ன இடத்துலயே பட்டை வெந்துரும். பெல்ட்டு ஓடாம மேக்னட்ரான் ஆன் ஆகாத மாதிரி இண்டர்லாக் இருக்கான்னு வாங்கும்போதே கேளுங்க, இல்லாட்டி எலக்ட்ரீஷியன வச்சு போட்டுக்கங்க. உள்ள மாட்டுன பட்டைய கையால இழுத்து வெளிய எடுத்து ஆறப்போட்டு தனியா சாக்பீஸ்ல குறி போட்டு வைங்க, அத மறுபடி டன்னல்ல விடாதீங்க, ஏன்னா ஒரு தடவ பட்ட சூடு ரப்பர் கணக்குல ஏறிருச்சு, ரெண்டாவது தடவ அந்த கணக்கு கூடும். நாங்க அத ட்ராக்டர் முன் டயருக்கு சூடு பண்ணாம பழைய முறைல போட்டு முடிச்சுருவோம்.